காலி இடத்தையும் வரைந்த பிறகுதான் லேஅவுட் உட்கார்ந்தது

நேற்று மாலை பதினான்காவது மெஷினுக்கு லெவல் பார்த்து முடித்தோம். அதன் பின்பக்க எலக்ட்ரிக்கல் பேனலின் கதவை முழுக்கத் திறந்து, கதவின் ஓரத்துக்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே சாய்வாகப் போகும் பிரேசிங்குக்கும் இடையே டேப் வைத்துப் பார்த்தேன். 62 மி.மீ. கணினி மாடலில் 65 என்று இருந்தது. ஐந்து மாத வேலையில் எனக்கு அதிக நிம்மதி தந்த அளவு இதுதான். முதலில் போட்ட லேஅவுட்படி மெஷினை இறக்கியிருந்தால் அந்தக் கதவு பாதிகூடத் திறந்திருக்காது.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். பணிமனைக்குள் மெஷின்களை இடம் மாற்றுவதற்குக் கட்டடத்தின் முப்பரிமாண மாடலைப் பயன்படுத்தலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

இடம் 60 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். 7.5 மீட்டருக்கு ஒரு தூண். மேலே 10 டன் கிரேன். ஏற்கெனவே இருந்த ஒன்பது மெஷின்களை இடம் மாற்ற வேண்டும். புதிதாக ஐந்து வர வேண்டும். இதற்கு முன் இந்த மாதிரி வேலைகளை மேலிருந்து பார்க்கும் தட்டை வரைபடத்தில்தான் செய்துவந்தோம். அதில் எல்லாம் பொருந்திப்போகும். மெஷின் வந்து இறங்கும் நாளில்தான் கேபிள் ட்ரேயோ ஏர் லைனோ தலையில் இடிக்கும். இந்த முறை, கட்டடம் கட்டியபோது வடிவமைப்பாளர்கள் கொடுத்த ஐஎஃப்சி கோப்பு கையில் இருந்தது. எந்த மென்பொருளில் வரைந்தாலும் இன்னொன்றில் திறக்க முடிகிற பொது வடிவம் அது. ஐஎஸ்ஓ 16739 என்ற தரத்தில் வருவது. உள்ளே வெறும் கோடுகள் கிடையாது. தூண் என்றால் தூண், தளம் என்றால் தளம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் வகையும் அளவும் உண்டு.

நான் செய்த முதல் தவறு, அந்தக் கோப்பில் இருப்பதுதான் கட்டடம் என்று எடுத்துக்கொண்டது. திறந்து பார்த்ததும் அவ்வளவு சுத்தமாக இருந்தது. உடனே மெஷின்களை உள்ளே வைத்து நகர்த்த ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு சந்தேகத்துக்காக லேசர் டிஸ்டன்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் 22 அளவுகள் எடுத்தேன். தூண் வரிசைகளில் குறை இல்லை. வித்தியாசம் 12 மி.மீக்குள் இருந்தது. மற்றவை அப்படி இல்லை. 4.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கேபிள் ட்ரே 4.35-இல் தொங்கியது. மழைநீர்க் குழாய்கள் தூணை ஒட்டி இறங்குவது மாடலில் இல்லவே இல்லை. பின்னாளில் போட்ட ஏர் ஹெட்டரும் (அழுத்தக் காற்றின் முதன்மைக் குழாய்) இல்லை. பிரேசிங் ஒரு இடைவெளி தள்ளிப் போடப்பட்டிருந்தது. கட்டும்போது நடந்த மாற்றங்கள் எதையும் யாரும் திரும்ப மாடலில் ஏற்றவில்லை. இரண்டு வார வேலையும் வீணானது.

விட்டதை எல்லாம் டேப்பும் ஏணியுமாக அளந்து நானே வரைந்துவிடலாம் என்று அடுத்து நினைத்தேன். நான்கு நாள் போனது; கால்வாசி இடம்கூட முடியவில்லை. அதன் பிறகுதான், சுற்றியிருப்பதை எல்லாம் புள்ளிகளாக அளந்து பதியும் லேசர் ஸ்கேனரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஸ்கேன் செய்வதற்கு வாராந்திர விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. ஆள் நடந்தாலும் ஃபோர்க்லிஃப்ட் ஓடினாலும் அதுவும் புள்ளிகளாகப் பதிந்து பேய் மாதிரி நிற்கும். மொத்தம் 38 இடங்களில் கருவியை நிறுத்தினோம். பக்கத்துப் பக்கத்து நிலைகளில் குறைந்தது மூன்று பொதுக் குறிகளாவது தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட தாள்களைத் தூண்களில் ஒட்டினோம். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் ஒட்டக் கூடாது. முதல் பத்து நிலைகளில் அப்படித்தான் ஒட்டியிருந்தேன். தூண் வரிசையில் ஒரே மட்டத்தில் ஒட்டிய குறிகள் ஒரே கோட்டில் விழுந்தால் நிலைகளைச் சேர்க்கும்போது சாய்வு சரியாகக் கட்டுப்படாது. உயர்த்தியும் தாழ்த்தியும் ஒட்டிய பிறகு சேர்ப்புப் பிழை 6 மி.மீக்குள் வந்தது. தரையில் கூலன்ட் (மெஷினின் குளிர்விப்புத் திரவம்) தேங்கிய இடங்களை முன்கூட்டியே துடைத்துவிட வேண்டும். பளபளக்கிற ஈரத்தில் ஒளி எதிரொளித்து, தரைக்கு அடியில் இன்னொரு கூரை இருப்பதுபோலப் பொய்ப் புள்ளிகள் வந்துவிடும்.

கிடைத்த பாயின்ட் கிளவுட், அதாவது எல்லாப் புள்ளிகளும் சேர்ந்த கோப்பு, 41 ஜிபி. என் கணினியால் அதைத் திருப்பக்கூட முடியவில்லை. கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் 10 மி.மீக்கு ஒரு புள்ளி என்று குறைத்ததும் 3 ஜிபிக்கு வந்தது. இந்த வேலைக்கு அது போதும். மாடல் பக்கத்துக்கு பிளெண்டரும் அதில் இயங்கும் பொன்சாய் ஆட்-ஆனும், அவையும் இலவசம்தான்.

ஸ்கேனையும் கட்டட மாடலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும்போது ஒரு நாள் முழுக்கத் தலை சுற்றியது. மெஷினை 5 மி.மீ நகர்த்தினால் நகராது. கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் குதிக்கும். விளிம்புகள் நடுங்கின. கிராஃபிக்ஸ் கார்டில் கோளாறு என்று நினைத்து டிரைவரையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. கட்டட மாடல் சர்வே அளவுகளில் இருந்தது; கிழக்குத் திசை எண் 400 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மி.மீ கணக்கில் அது 40 கோடிக்கு மேல். திரையில் வடிவங்களைக் காட்ட மென்பொருள் பயன்படுத்தும் 32 பிட் எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம்தான் உண்டு. 40 கோடி என்ற அளவில், அடுத்தடுத்து எழுத முடிகிற இரண்டு எண்களுக்கு நடுவிலேயே 32 மி.மீ இடைவெளி விழுந்துவிடும். நான் 5 மி.மீ நகர்த்தியது எங்கே தெரியப்போகிறது?

தூண் வரிசை ஏ-வும் வரிசை 1-உம் சந்திக்கும் புள்ளியைப் பூஜ்யமாக்கி, பணிமனையின் நீளம் எக்ஸ் அச்சில் படுக்கும்படி சுழற்றினேன். எவ்வளவு தள்ளினேன், எத்தனை டிகிரி திருப்பினேன் என்பதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி மாடலோடு வைத்தேன். பிறகு வந்த ஒவ்வொரு கோப்பையும் அதே கணக்கில்தான் உள்ளே எடுத்தோம். நடுக்கம் அன்றோடு நின்றது.

மெஷின் தயாரிப்பாளர்கள் தரும் மாடல்கள் தனி வேலை. ஒரு மெஷினிங் சென்டரின் ஸ்டெப் கோப்பு (முப்பரிமாண மாடல்களுக்கான ஒரு பொது வடிவம்) 180 எம்பி. ஒவ்வொரு போல்ட்டின் மரையும் அதில் உண்டு. வெளி உறையை மட்டும் வைத்துக்கொண்டு 4 எம்பிக்குக் கொண்டுவந்தேன். ஒரு லேத்தின் கோப்பு அங்குலத்தில் வரையப்பட்டிருந்தது; 4300 மி.மீ நீள லேத் 169 மி.மீயாகத் தளத்தில் ஒரு புள்ளி மாதிரி கிடந்தது. அப்படிக் கண்ணில் படுகிற தவறால் ஆபத்து இல்லை, உடனே திருத்திவிடலாம். ஆபத்தானது நான் அடுத்து செய்தது. கோப்பைச் சிறிதாக்கும் ஆர்வத்தில் சில மெஷின்களை வெறும் பெட்டியாக மாற்றினேன். மூடிய கதவோடு, உலோகச் சீவல்களை வெளியேற்றும் சிப் கன்வேயரும் கூலன்ட் டேங்க்கும் உள்ளே தள்ளியபடி ஒரு பெட்டி. நிற்கிற மெஷின் அது. ஓடுகிற மெஷினுக்கும் பழுது பார்க்கிற மெஷினுக்கும் வேண்டிய இடம் அதில் இல்லை.

இதை எனக்குக் காட்டியவர் மெயின்டனன்ஸில் நெடுநாள் இருக்கும் ஃபிட்டர். திரையில் லேஅவுட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆறாவது மெஷின் மேல் விரல் வைத்தார்.

"சார், இந்த கூலன்ட் டேங்க்கை எந்தப் பக்கம் இழுக்கிறது?"

"பின்பக்கம்."

"பின்னாடி சுவர் எவ்வளவு தூரம்?"

"1200."

"டேங்க் நீளம் 1900 சார்."

மேலே எதுவும் சொல்லாமல் என்னைத் தளத்துக்கு அழைத்துப் போனார். பழைய இடத்தில் அதே வகை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து, தரையில் எண்ணெய்க் கறை படிந்த இரண்டு இணைகோடுகளைக் காட்டினார். வருஷக்கணக்காக டேங்க் சக்கரங்கள் போய்வந்த தடம். அதன் மேல் டேப்பை நீட்டினேன்: 2050. டேங்க்கின் நீளம் 1900. அது மெஷினை விட்டு முழுக்க வெளியே வர மீதி. வரைபடத்தில் இல்லாத அளவு தரையில் அத்தனை தெளிவாக எழுதியிருந்தது.

அன்றிலிருந்து காலி இடங்களையும் திடப்பொருளாகவே வரைய ஆரம்பித்தேன். இந்த வேலை முழுவதிலும் உருப்படியாகச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். கதவு விரியும் வட்டம், சிப் கன்வேயர் வெளியே வரும் நீளம் எல்லாம் சிவப்பு. ஆப்பரேட்டர் நின்று வேலை செய்யும் இடம் மஞ்சள். டேங்க் இழுப்பது, பேனல் முன்னால் 1 மீட்டர், ஸ்பிண்டிலை (மெஷினின் சுழலும் பாகம்) மேலே தூக்கிக் கழற்றுவது போன்ற பழுதுவேலை இடங்கள் நீலம். பேலட்டும் வண்டியும் வந்துபோவது பச்சை. ஸ்பிண்டில் இடத்தை மெஷினின் உச்சியிலிருந்து கிரேன் கொக்கி வரை தூண் மாதிரி எழுப்ப வேண்டியிருந்தது. தட்டை வரைபடத்தில் இதைக் காட்ட வழியே இல்லை. சரக்கு அடுக்கும் ரேக்குகளுக்கு மேல், தீயணைக்கும் ஸ்பிரிங்க்லரின் நீர் பரப்பும் தட்டிலிருந்து கீழே 457 மி.மீக்கு ஒரு பட்டையும் வரைந்தேன். அந்த இடைவெளிக்குள் சரக்கு ஏறினால் தண்ணீர் பரவாது. ஸ்பிரிங்க்லர்களுக்கான அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 13 விதி கேட்கும் 18 அங்குலம் அது.

இவற்றை முதலில் ஐஎஃப்சியில் அறைகளுக்கு இருக்கும் 'ஸ்பேஸ்' வகையில் போட்டேன். எது எதோடு மோதுகிறது என்று மென்பொருள் தேடும் இடிப்புச் சோதனை, நான் வைத்திருந்த அமைப்பில் அந்த வகையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சைக்கொடி காட்டியது. ஒரு பெட்டியை வேண்டுமென்றே தூணுக்குள் நுழைத்துப் பார்த்தேன், அப்போதும் சத்தமில்லை. அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும், தனி வகை இல்லாத பொருள்களுக்கான 'ப்ராக்சி' வகைக்கு மாற்றி, பெயரின் முன்னால் நிறத்தைச் சேர்த்தேன். சோதனை வேலை செய்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். தெரிந்தே ஒரு தவறை வைத்து அது பிடிபடுகிறதா என்று பார்ப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

முதல் ஓட்டத்தில் 1846 இடிப்புகள் வந்தன. மெஷினைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் தளத்துக்குள் இறங்குவதையும் அது இடிப்பாகச் சொல்லும். அப்படிப் பட்டியல் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள். எது எதோடு மோதினால் கேள்வி என்று ஒரு அட்டவணை போட்டோம். நீலமும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று படலாம், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து மெஷின்களை ஒரே நேரத்தில் பிரிப்பது அரிது. மஞ்சளும் பச்சையும் படவே கூடாது. ஆள் நிற்கும் இடத்தில் வண்டி வந்தால் உயிருக்கு ஆபத்து. சிவப்பு எதோடும் படக் கூடாது. நீலத்துக்குள் நிலையான பொருள் எதுவும் வரக் கூடாது. நகர்த்தக்கூடிய தள்ளுவண்டி இருக்கலாம். அட்டவணைக்குப் பிறகு 73 மிஞ்சியது. ஒவ்வொன்றையும் தளத்தில் போய்ப் பார்த்ததில் 19 உண்மையானவை. ஆரம்பத்தில் சொன்ன பேனல் கதவும் பிரேசிங்கும் அதில் ஒன்று. மெஷினை 410 மி.மீ தள்ளியதில் தீர்ந்தது.

வண்டிப் பாதைக்கு நான் முதலில் வைத்த அகலம் 3600. பழைய வரைபடத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஃபோர்க்லிஃப்டின் விவரத்தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்: திரும்பும் ஆரம் 2250, முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் முகம் வரை 475, பேலட் நீளம் 1200, பாதுகாப்புக்கு 200. மொத்தம் 4125. அரை மீட்டருக்கு மேல் குறைவாக வைத்திருந்தேன். 4125 என்று திருத்திவிட்டுத் தரையில் டேப் ஒட்டி, வண்டி ஓட்டுபவரைப் பேலட்டோடு செங்கோணத்தில் திரும்பச் சொன்னோம். திரும்பினார், ஆனால் இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்தார். பேலட்டைத் தாண்டி 80 மி.மீ நீட்டிக்கொண்டிருந்த வார்ப்புகளைக் காட்டி, "லோடு எப்பவும் பேலட் அளவுக்கே இருக்காது சார்" என்றார். 4300 ஆக்கினோம். ஒரே வீச்சில் திரும்பினார்.

கிரேன் விஷயம் சுருக்கமாக: கொக்கி சுவர் வரை போகாது. எங்கள் கிரேனில் இரு பக்கமும் ரெயிலிலிருந்து 1.1 மீட்டருக்குள் கொக்கி இறங்காது. அந்த எல்லையை மாடலில் ஒரு பெட்டியாக வரைந்ததும், இரண்டு மெஷின்களின் ஸ்பிண்டில் அதற்கு வெளியே நிற்பது தெரிந்தது. நகர்த்தினோம்.

இனி, மாடல் காப்பாற்றாத இடம். ஒன்பதாவது மெஷினுக்கு எட்டு ஆங்கர். அளவு குறித்து, இரண்டு துளை போட்டு முடித்து, மூன்றாவதைப் போடும்போது டிரில் பக்கவாட்டில் வழுக்கியது. தூசியை ஊதிப் பார்த்தால், தரையின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது தளம் விரிந்து சுருங்க விட்ட இடைவெளி. தரைக்கு அடித்த அதே சாம்பல் எப்பாக்சி பெயின்ட் அதன் மேலும் ஓடியிருந்தது. அகலம் 8 மி.மீதான். ஸ்கேனை 10 மி.மீக்கு ஒரு புள்ளி என்று குறைத்ததில் அது மறைந்துவிட்டது. கட்டட மாடலிலோ 60 மீட்டர் தளமும் இடைவெளியே இல்லாத ஒரே பலகை. எட்டில் மூன்று ஆங்கர்கள் ஜாயின்ட்டின் மறுபக்கம் விழுந்திருந்தன. இரண்டு பலகைகளும் தனித்தனியே அசையும். அவற்றின் மேல் கால் பரப்பி நிற்கும் மெஷினில் இன்று லெவல் வைத்தால் அடுத்த பருவத்தில் மெஷினின் அடிப்பாகமான பெட் முறுக்கிக்கொள்ளும். 640 மி.மீ தள்ளினோம். போட்ட இரண்டு துளைகளை எப்பாக்சியால் அடைத்தோம். அந்தத் தள்ளலால் பக்கத்து மெஷினின் மஞ்சள் இடம் பாதைக்குள் வந்து, இன்னும் இரண்டு மெஷின்களை மாற்ற வேண்டியதாயிற்று. மூன்று நாள் தாமதம். அன்று மாலையே தளம் முழுக்க நடந்து, தரையைச் சுரண்டிப் பார்த்து, எல்லா ஜாயின்ட்டையும் அளந்து மாடலில் ஏற்றினேன்.

மாடலிலிருந்து தரைக்கு அளவு கொண்டுவருவதிலும் ஒரு பாடம் உண்டு. முதல் இரண்டு மெஷின்களுக்குத் தூணின் முகத்திலிருந்து டேப் பிடித்தேன். மாடலில் நான் எடுத்த அளவோ தூண் மையத்திலிருந்து. தூணின் பாதி அகலத்தைக் கழித்தும் 14 மி.மீ பிசகியது, தூண் செங்குத்தாக இல்லை, பெயின்ட்டும் தடிமனாக இருந்தது. அதற்குப் பிறகு டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியை வைத்து இரண்டு அடிப்படைக் கோடுகளைத் தரையில் போட்டு, 9 மீட்டருக்கு 12 மீட்டர் எடுத்து மூலைவிட்டம் அளந்தோம். 15.000 வர வேண்டும்; 15.004 வந்தது. அந்தக் கோடுகளிலிருந்து மட்டுமே மற்ற எல்லாக் குறிகளையும் எடுத்தோம்.

நேரக் கணக்கு: ஸ்கேன் இரண்டு நாள், சேர்ப்பும் சுத்தம் செய்வதும் ஒன்றரை நாள், கட்டட மாடலைத் திருத்த ஆறு நாள், மெஷின்களை எளிமையாக்க நான்கு நாள், காலி இடங்கள் ஐந்து நாள், சோதனையும் தளத்தில் சரிபார்ப்பும் எட்டு நாள். வீணாய்ப் போனவை தனி: பழைய மாடலை நம்பிய இரண்டு வாரம், டேப்பால் அளந்த நான்கு நாள். பணத்தைப் பொறுத்தவரை ஸ்கேனர் வாடகைதான் பெரிதாகக் கண்ணில் பட்டது. ஆனால் ஒன்பதாவது மெஷின் விவகாரத்தில் கூடுதலாக நின்ற ரிக்கிங் ஆட்களுக்கு (மெஷினைத் தூக்கி நகர்த்துபவர்கள்) ஆன செலவு அந்த வாடகையைத் தாண்டிவிட்டது.

அடுத்த முறை முதல் நாளே ஸ்கேன். அதற்கு முந்தின நாள் ஜாயின்ட், வடிகால், பழைய ஆங்கர் துளை எல்லாவற்றிலும் சாக்பீஸ் கோடு போட்டு வைப்பேன். தரைக்கு மட்டும் 3 மி.மீ அடர்த்தியில் தனிக் கோப்பு எடுப்பேன். மெஷின்களின் வெளி உறையைத் தொடும் முன்பே மெயின்டனன்ஸ் ஆட்களோடு ஒவ்வொரு மெஷினையும் சுற்றிவந்து எது எந்தப் பக்கம் வெளியே வரும் என்று எழுதிக்கொள்வேன். வண்டி ஓட்டுபவரிடமும் கணக்குப் போடும் முன்பே கேட்பேன்.

இன்று காலை ஏர் லைன் போடுபவர்கள் வந்தார்கள். ஆறாவது மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் தரையில் குழாயை ஓட்டிவிடலாம், அங்கே எதுவும் இல்லையே என்றார்கள். மாடலைத் திறந்து அந்த நீலப் பெட்டியைக் காட்டினேன். குழாயை 2.4 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். கூடுதலாக இரண்டு எல்போ, ஒரு கிளாம்ப்.